அய்யா சொன்னதும் நான் எழுதியதும்

எங்கள் வீட்டில் அப்பாவை அய்யா என்றே அழைப்போம். அய்யா எங்களை விட்டுப் பிரிந்து இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. நினைவு நாளுக்கு வந்து இந்த நினைவு மலரை வாங்கிக்கொண்டு போகும் உறவினர் அனைவருக்கும், அய்யாவோடு வேலை பார்த்தவர்களுக்கும் முதலில் என் வணக்கம்.

மலருக்கு அய்யாவின் வாழ்க்கைக் குறிப்பு ஒன்று வேண்டும் என்று மூத்தவர்கள் சிலரைக் கேட்டேன். ஆளாளுக்கு நழுவினார்கள். கடைசியில் என் தாய்மாமா சொன்னார்: "நீதான் படிச்சவ, நீயே எழுது தாயி. ஆனா அந்த ஜப்பான் கதையை மட்டும் விட்டுட்டு எழுது. செத்த பொறவும் நாலு பேரு சிரிக்கணுமா?"

மாமா சொன்னதை நான் கேட்கப் போவதில்லை. ஜப்பான் கதையைத்தான் எழுதப் போகிறேன். அய்யா பொய் சொன்னார் என்று இந்த உறவு முழுவதும் ஒன்பது வருஷம் நம்பியது. ஒரு கட்டத்தில் நானும் நம்பினேன். அது பொய்யில்லை என்பதும், பொய்யன் என்ற பேர் யாரால் வந்தது என்பதும் அவர் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தன. அதை விட்டுவிட்டு அவருடைய நல்ல குணங்களை மட்டும் வரிசையாக அச்சடித்துக் கொடுத்தால், அதைவிடப் பெரிய துரோகம் வேறு இல்லை.

அய்யா ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, செண்பகத்தோப்புக்குப் போகும் வழியில் ஒரு சின்ன ஊரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். தகப்பனார் இறந்தபோது அவருக்குப் பத்து வயதுகூட நிறையவில்லை. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. கிணறு வற்றிப்போன ஒரு கோடையில், பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு மதுரைக்கு ரயிலேறினார். "வயித்துக்குத்தான் போனேன், வீரத்துக்கு ஒண்ணும் போகலை" என்று அவரே சொல்லுவார். பட்டாளத்தில் இங்கிலீஷ் எழுத்துகளைக் கற்றுக்கொடுத்தார்கள். பேச வராவிட்டாலும் எழுத்துக் கூட்டி வாசிக்கும் அளவுக்குத் தேறினார்.

அவர் பயிற்சியில் இருக்கும்போதே இரண்டாம் உலகப் போர் முடிந்துவிட்டது. தப்பித்தோம் என்று மூச்சு விட்டவர்களை மறு வருஷம் கப்பலில் ஏற்றி ஜப்பானுக்கு அனுப்பினார்கள். தோற்ற நாட்டில் காவல் இருக்கப் போன படை அது. குரே என்ற துறைமுகத்தில் இறங்கினார்கள். அங்கிருந்து லாரிகளுக்குக் காவலாக அய்யாவைச் சில வாரங்கள் பக்கத்து ஊருக்கு அனுப்பினார்கள். அந்தப் பக்கத்து ஊர்தான் ஹிரோஷிமா.

அந்த ஊரைப் பற்றி அய்யா சொல்லும்போது குரலை ஏற்றவோ இறக்கவோ மாட்டார். "நம்ம ஊரு மாதிரிதான் தாயி. சுத்தி மலை. ஊருக்குள்ள ஏழு ஆறு ஓடுது, அது ஒண்ணுதான் நமக்கு இல்லாதது. மலை இருக்கு, ஆறு இருக்கு, நடுவுல ஊரைக் காணோம். நம்ம பழைய பஸ் ஸ்டாண்டுல நின்னு மேக்க பாத்தா, அய்யனார் கோவில் மலை அடிவாரம் வரைக்கும் ஒரு சுவரு மறைக்காம தெரிஞ்சா எப்பிடி இருக்கும்? அப்பிடி இருந்துச்சு" என்பார்.

அந்த மண்ணில் நடக்கலாமா, அந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா என்று ஒருவரும் அவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஊர்க்காரர்களோடு பேசக் கூடாது என்று மட்டும் உத்தரவு இருந்தது. அய்யாவும் மற்ற சிப்பாய்களும் அங்கேயே சமைத்தார்கள், அங்கேயே குளித்தார்கள். கம்பளியை விரித்து அந்தத் தரையிலேயே படுத்தார்கள்.

ஒரு நாள் ஆற்றங்கரைப் படிக்கட்டில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஒரு பக்கம் தோல் தடித்துச் சுருண்டு, கண் பாதி மூடியிருந்தது. கட்டுத்துணிகளை ஆற்றில் அலசிக் கயிற்றில் காயப் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் நாலு வயது மதிக்கத்தக்க ஒரு பெண் குழந்தை. தோளிலிருந்து முழங்கை வரை கட்டு. குண்டு விழுந்து எத்தனையோ மாதம் ஆகியும் புண் ஆறவில்லை. ஒரே துணியைத் துவைத்துத் துவைத்துக் கட்டியதில் அது நூல் நூலாகப் போயிருந்தது. சிப்பாய்கள் ஒவ்வொருவர் பையிலும் அவசரத்துக்கென்று ஒரு கட்டுத்துணிப் பொட்டலம் இருக்கும். அய்யா அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத் தம் பொட்டலத்தை எடுத்து அந்தப் பெண்ணிடம் கொடுத்தார். அந்தப் பெண் தலை தரையில் படும்படி வணங்கினார். பிறகு இரண்டு விரலைக் காட்டி, தகரக் குடிசை ஒன்றைக் கை காட்டினார். உள்ளே இன்னொரு குழந்தை இருக்கிறது என்று அய்யாவுக்குப் புரிந்தது.

"நாளைக்குத் தாரேன்னு சொன்னேன் தாயி. தமிழ்லதான் சொன்னேன், வேற என்ன பாஷை எனக்குத் தெரியும்? அந்தம்மா தலையாட்டிட்டாக. மறுநா விடியக்காலம் எங்களை வேற எடத்துக்கு ஏத்திட்டான். அந்தம்மா வந்து காத்துக் கெடந்திருப்பாகள்ல?"

அவ்வளவுதான் ஜப்பான் கதை. துப்பாக்கி சுட்டதாகவோ பதக்கம் வாங்கியதாகவோ அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. பீற்றிக்கொள்ள நினைக்கிற மனுஷன் இப்படியா கதை கட்டுவான்? இதை யோசிக்க நம்மில் ஒருவருக்கும் கொஞ்ச நேரம் கிடைக்கவில்லை.

நாடு விடுதலை அடைந்த பிறகு அய்யா பட்டாளத்தை விட்டு வந்தார். தாமதமாகத்தான் திருமணம். இராஜபாளையத்துக்குக் குடி வந்தபோது ஸ்பின்னிங் மில்லில் கூப்பிட்டார்கள், போகவில்லை. பேண்டேஜ் துணி தயாரிக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்தார். அதை நடத்தியவரை ஊரே பாய் என்று அழைக்கும். அவர் முதலாளி என்றாலும் வயதில் இளையவர், அய்யாவை அண்ணாச்சி என்பார். வெளுத்துக் காய்ந்து வரும் துணியைப் பார்த்து மடிக்க விடுவது அய்யாவின் வேலை. ஓர் அழுக்குப் பொட்டு, ஓர் இழை விலகல் இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்.

"கட்டிட்டுக் குப்பையில போடுற துணி அண்ணாச்சி. கல்யாணப் பட்டு மாதிரி எம்புட்டு நேரம் பாப்பீய?" என்று பாய் தலையில் அடித்துக்கொள்வார்.

"எந்த ஊருக்குப் போகுதோ, எந்தப் பிள்ளைக்குக் கட்டுறாகளோ, நமக்கு என்ன தெரியும் பாய்?" என்பார் அய்யா.

அய்யா அரிச்சந்திரன் என்று நான் எழுத மாட்டேன். பால்கோவா விஷயத்தில் அவர் பொய் சொல்லுவார். ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்களுக்கென்று வாங்கிய பொட்டலத்தை டவுன் பஸ்ஸிலேயே தீர்த்துவிட்டு, "கடை அடைச்சிருந்துச்சு தாயி" என்று கையை விரிப்பார். மீசையில் ஒட்டியிருக்கும். "கடை அடைச்சிருந்துச்சாம், மீசை தொறந்திருந்துச்சாம்" என்று அம்மா விடாமல் கேலி செய்வார். அந்த நாளில் எனக்குத் தெரிந்து அவர் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

எண்பதுகளின் தொடக்கத்தில், பக்கத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவர் முதலுதவிப் பெட்டிக்குத் துணி வாங்கக் கம்பெனிக்கு வந்தார். பேச்சுவாக்கில் அய்யா ஹிரோஷிமாவில் இருந்தவர் என்று தெரிந்ததும், ஆகஸ்டு ஆறாம் தேதி ஹிரோஷிமா நாளன்று பள்ளியில் பேசக் கூப்பிட்டார். முதல் தடவை தயங்கித் தயங்கித்தான் போனார். அதன்பிறகு வருஷம் தவறாமல் கூப்பிட்டார்கள். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, முதல் நாளே முடி வெட்டிக்கொண்டு போவார். பிள்ளைகள் அவருக்கு ஜப்பான் தாத்தா என்று பேர் வைத்தார்கள். நான் கல்லூரியில் படிக்கும்போது ஒரு முறை கூடப் போனேன். மலையையும் ஆற்றையும் அந்தப் பெண்ணையும் பற்றி எங்களிடம் சொல்கிற மாதிரியே சொன்னார். முடித்ததும் முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண் குழந்தை எழுந்து, "அந்தப் பாப்பா பேரு என்ன தாத்தா?" என்று கேட்டது.

"கேக்காம வந்துட்டனே தாயி" என்றார் அய்யா. வீட்டுக்கு வரும் வழியில், "சொன்னா கொஞ்சம் மனசு ஆறுது. கட்டுத்துணிதான் குடுக்க முடியலை, சொல்லவாவது செய்யலாம்ல" என்றார். அந்த ஒரு நாளுக்காகத்தான் அவர் மீதி வருஷத்தை ஓட்டினார் என்று இப்போது தோன்றுகிறது.

பிறகு பள்ளிக்குப் புதுத் தலைமை ஆசிரியர் வந்தார். அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். "பெரியவரே, தப்பா நினைக்காதீங்க. நீங்க அந்த ஊர்ல இருந்தீங்கன்னு ஒரு அத்தாட்சி வேணும். நாளைக்கு மேலே இருந்து கேட்டா நான் எதைக் காட்டுவேன்?" என்றார். அய்யாவின் பட்டாளப் புத்தகத்தில் வெளிநாட்டில் பணி செய்தார் என்று ஒரு வரி இருந்தது. எந்த ஊர் என்று இல்லை. ஆகவே பட்டாளத்தின் பழைய பதிவேடுகள் இருக்கும் ஓர் அலுவலகத்துக்கு விண்ணப்பிப்பது என்று முடிவாயிற்று. படிவம் முழுவதும் இங்கிலீஷில் இருந்தது. நான் அப்போதுதான் பி.ஏ. முடித்து, டைப்பும் பாஸ் செய்திருந்தேன்.

அன்று சாயங்காலம் அய்யா தமிழில் சொல்லச் சொல்ல முதலில் ஒரு தாளில் எழுதினேன். "அய்யா" என்று மனுவைத் தொடங்கியதும் அவருக்குச் சிரிப்பு. "எனக்கே மனு குடுக்குற மாதிரி இருக்கே தாயி" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் காலை மதுரையில் ஒரு பள்ளியில் ஆங்கில ஆசிரியை வேலைக்கு நேர்காணல். படிக்க வேண்டியது மலைபோலக் கிடந்தது. "சீக்கிரம் சொல்லுங்க" என்று கடுகடுத்தேன். அவர் கையெழுத்தை வெற்றுப் படிவத்தில் முதலிலேயே வாங்கிக்கொண்டேன். டைப் அடிக்கும் நிலையம் மூடுவதற்குள் ஓடிப்போய் அடித்து, கார்பன் நகலை அவரிடம் கொடுத்துவிட்டு, அசலைத் தபாலில் போட்டேன். நகலை அவர் மடித்துப் பெட்டியில் வைத்தார். மக அடித்தது சரியாகத்தான் இருக்கும் என்று நம்பியிருப்பார்.

வேலை எனக்குக் கிடைத்தது. சில மாதங்களில் கல்யாணமும் நிச்சயமாயிற்று. "பொண்ணு இங்கிலீஷ் டீச்சர்" என்று மாப்பிள்ளை வீட்டார் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள்.

அந்த அலுவலகத்தின் பதில் ஆடிப்பூரத்தை ஒட்டி வந்தது. தேர் பார்க்க உறவு முழுவதும் ஸ்ரீவில்லிபுத்தூரில் மாமா வீட்டில் கூடியிருந்தது. எனக்கு மதுரையில் விடுப்புக் கிடைக்கவில்லை. மாமா ஓய்வு பெற்ற குமாஸ்தா, இங்கிலீஷ் வாசிப்பார். அத்தாட்சிதான் வந்திருக்கிறது என்ற சந்தோஷத்தில் அய்யா உறையைக்கூடப் பிரிக்காமல் அவரிடமே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். நடந்ததை அம்மா என்னிடம் சொன்னது இது:

"உங்க மாமா கண்ணாடியை மாட்டிக்கிட்டு நின்னுக்கிட்டே வாசிச்சாக. 'இவருக்குக் குண்டு பாதிப்பு ஒண்ணும் கெடையாது, சொன்னது உண்மைக்கு மாறானதுன்னு எழுதியிருக்கான்'னாக. சனமெல்லாம் கொல்லுன்னு சிரிச்சுச்சு. 'மச்சான், இனிமே மேடை ஏறி ரீல் விடாதிய, கவர்மெண்டே கையெழுத்துப் போட்டுட்டான்'னாக. உங்கய்யா கையை நீட்டி அந்தக் காயிதத்தை வாங்கி, எழுத்துக் கூட்டிப் பாத்தாக. ரொம்ப நேரம் பாத்தாக. பொறவு மடிச்சுச் சட்டைப் பையில வச்சுக்கிட்டு, 'எலையைப் போடுங்க, பசிக்குது'ன்னாக. அம்புட்டுத்தான் ஏட்டி."

வாரக் கடைசியில் ஓடி வந்தேன். கடிதத்தைக் கேட்டேன். "கிழிச்சுப் போட்டுட்டேன் தாயி" என்றார். கார்பன் நகலைக் கேட்டேன். "அதையுந்தான்" என்றார். எனக்குக் கொதித்தது. ஒரு மனுஷனை அந்த ஊருக்கு அனுப்பிவிட்டு, நீ அங்கே போகவே இல்லை என்கிறானே, இவனெல்லாம் சோறுதான் தின்கிறானா என்று கத்தினேன். காரசாரமாக ஒரு மறுப்புக் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னேன். மாட்டேன் என்றார். ஒரு மணி நேரம் வாதாடினேன். அசையவில்லை.

"கையெழுத்துப் போட என்ன பயம்? அப்போ நீங்க சொன்னது பொய்தானா?" என்று கேட்டேன். பெற்ற தகப்பனாரை நேருக்கு நேர் நின்று அப்படிக் கேட்டேன்.

"உனக்கு எப்பிடித் தோணுதோ அப்பிடி வச்சுக்கோ தாயி" என்றார் அவர்.

அன்றோடு எனக்கும் நம்பிக்கை விட்டுப்போயிற்று. பொய் இல்லையென்றால் ஏன் கையெழுத்துப் போட மறுக்க வேண்டும் என்று என் புத்தி கணக்குப் போட்டது. உறவில் கல்யாணம், காதுகுத்து எங்கே போனாலும் யாராவது ஒருவர், "என்ன மாமா, ஜப்பான்ல மழை உண்டா?" என்று கேட்பார்கள். அய்யா சிரிப்பார். நானும் தலையைக் குனிந்துகொண்டு சோற்றைப் பிசைவேன். மலரைப் படிக்கும் உங்களில் அப்படிக் கேட்டவர்கள் யார் யார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். பேர் எழுதவில்லை, பிழைத்துப் போங்கள்.

மறு ஆண்டு ஆகஸ்டு மாதம் நான் பிரசவத்துக்காகத் தாய் வீட்டில் இருந்தேன். ஆறாம் தேதி காலையில் அய்யா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். பள்ளியிலிருந்து அழைப்பு ஏதும் வரவில்லை என்பது எனக்குத் தெரியும். "எங்கே போறீங்க, அவமானப்படவா?" என்று அம்மா வழி மறித்தார். "கேக்கத்தான் போறேன், பேசப் போகலை" என்று சொல்லிவிட்டுப் போனார். கடைசி வரிசையில் பெற்றோர்களோடு உட்கார்ந்து கேட்டுவிட்டுத் திரும்பி வந்தார்.

"யாரு பேசினா?" என்று கேட்டேன்.

"வெளியூருப் பையன் ஒருத்தன். நல்லாப் பேசினான் தாயி. எம்புட்டுச் சூடு, எம்புட்டு எடை, எல்லாம் கணக்காச் சொன்னான். ஆளுகளைப் பத்திதான் ஒண்ணும் சொல்லலை."

சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டுக் கம்பெனிக்குப் போனார். அதன்பிறகு அவர் வாயிலிருந்து ஹிரோஷிமா என்ற சொல் வந்து நான் கேட்டதில்லை.

கடைசி இரண்டு ஆண்டுகள் உடம்பு படுத்தியது. சாப்பாடு இறங்கவில்லை, கை காலில் நீலம் நீலமாகத் தடம் விழுந்தது. மதுரையில் பார்த்த டாக்டர் இரத்தத்தில் கோளாறு என்றார். "பெரியவரே, எக்ஸ்ரே மாதிரி கதிர்வீச்சு இருக்கிற இடத்துல எப்போவாவது வேலை பாத்திருக்கீங்களா?" என்று கேட்டார். அய்யா ஒரு முறை என்னைப் பார்த்தார். "இல்லைங்க" என்றார். நானும் பக்கத்தில்தான் நின்றேன். பட்டாளம், ஜப்பான் என்று நானாவது வாயைத் திறந்திருக்கலாம். மறுபடியும் ஒரு டாக்டர் முன்னால் சிரிப்புக்கிடமாக வேண்டாம் என்று சும்மா இருந்துவிட்டேன். அந்த நோய் அந்த ஊரால்தான் வந்தது என்று டாக்டர் சொல்லவில்லை. தெரியாததை நானும் எழுத மாட்டேன். கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் போகவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

அய்யா இராஜபாளையத்தில் எங்கள் வீட்டிலேயே, ஒரு மத்தியான வேளையில், அம்மா தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்கும்போது காலமானார். வயது எழுபதை ஒட்டி இருக்கும்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பாய் வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. "இதை உங்கய்யா எங்கிட்டக் குடுத்து வச்சிருந்தாக தாயி. உன் கண்ணுல படக் கூடாதுன்னாக. அவுக இருக்குற வரைக்கும் வாக்கைக் காப்பாத்திட்டேன். இனிமே வச்சிருந்தா எனக்குப் பாவம்" என்றார்.

உள்ளே இரண்டு தாள். ஒன்று அந்த அலுவலகத்தின் பதில். இன்னொன்று நான் அடித்த மனுவின் கார்பன் நகல். இரண்டையும் அவர் கிழிக்கவே இல்லை. நகலைத்தான் முதலில் வாசித்தேன். படிவத்தில் பாதிப்பு என்ன என்று கேட்டிருந்த கட்டத்தில், என் கையால் அடித்திருந்தேன்: புல்லட் இஞ்சுரி.

இங்கிலீஷ் தெரியாதவர்களுக்காக விளக்கிச் சொல்கிறேன். துப்பாக்கியிலிருந்து வருவது புல்லட். விமானத்திலிருந்து போடுவது பாம். தமிழில் இரண்டுக்கும் நாம் குண்டு என்றுதான் சொல்லுவோம். அய்யா ஒரு நாளும் அணுகுண்டு என்று சொன்னதில்லை. அந்த ஊருக்குப் போய் வந்தவருக்குக் குண்டு என்றால் அது ஒன்றுதான். "குண்டு பாதிச்ச ஊர்ல இருந்தேன்னு போடு தாயி" என்று அவர் சொல்லியிருக்கிறார். நான் அவசரத்தில் ஊரை விட்டுவிட்டு, குண்டு பாதிப்பு என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு, துப்பாக்கிக் குண்டு பாய்ந்த காயம் என்று அடித்துவிட்டேன். ஹிரோஷிமா என்ற பெயர் அந்த மனுவில் எங்குமே இல்லை. இவர் உடம்பில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்ததாகப் பதிவில்லை, சொல்வது உண்மைக்கு மாறானது என்று அவர்கள் எழுதியது, அவர்களுக்குப் போன மனுவுக்குச் சரியான பதில். மாமா அதைத் தமிழில் வாசிக்கும்போது புல்லட் மறுபடியும் குண்டாகிவிட்டது. கூடியிருந்த ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. எழுத்துக் கூட்டி வாசித்த அய்யாவுக்கு மட்டும் தெரிந்துவிட்டது.

"அவருக்கு அன்னைக்கே தெரியுமா?" என்று பாயிடம் கேட்டேன்.

"பட்டாளத்துல இருந்தவருக்குப் புல்லட்டு தெரியாதா தாயி? மறுநாளே ரெண்டு காயிதத்தையும் கொண்டாந்து எங்கிட்ட நீட்டினாக. நான் சொன்னேன், 'அண்ணாச்சி, ஒரு வார்த்தை மாறிப் போச்சு, திருப்பி எழுதிப் போட்டா முடிஞ்சுது'ன்னு. அதுக்கு அவுக, 'திருப்பி எழுதினா எம்மக தப்பா எழுதினான்னு ஊருக்கே தெரிஞ்சு போகும் பாய். இப்பத்தான் இங்கிலீஷ் டீச்சர்னு வேலைக்குப் போயிருக்கா, இப்பத்தான் கல்யாணம் நிச்சயமாயிருக்கு. சனம் இன்னைக்கு என்னைச் சிரிக்கிற சிரிப்பை நாளைக்கு அவளைச் சிரிக்கும். நான் பொய்யனாவே இருந்துட்டுப் போறேன்'னாக."

பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலும் சொன்னார். "நானும் விடலை. 'அப்போ அந்தச் செத்த சனங்களைப் பத்திப் பிள்ளைகளுக்கு இனிமே யாரு சொல்லுவா அண்ணாச்சி?'ன்னு கேட்டேன். அதுக்குத்தான் உக்காந்து அழுதாக. துணிக் கட்டுல தலையைச் சாச்சு, பச்சைப் பிள்ளை கணக்கா அழுதாக."

முதலில் யாரோ ஓர் அலுவலகக்காரன் எங்கள் அய்யாவுக்குத் துரோகம் செய்துவிட்டான் என்று கொதித்துக்கொண்டிருந்தேன். மாமாவின் மேல் கொதித்தேன். கடைசியில் அய்யாவின் மேலும் கொதித்தேன். காரியம் முழுவதும் என் பத்து விரலில் நடந்திருக்கிறது.

அய்யா, உங்களிடமும் எனக்கு ஒரு வழக்கு உண்டு. இத்தனை பேர் முன்னால் கேட்கிறேன். என்னைக் கூப்பிட்டு, "தப்பா அடிச்சிட்ட தாயி" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அன்றைக்கே திருத்தி எழுதியிருப்பேனே. ஊர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். நான் என்ன சீனிப் பொம்மையா, கரைந்தா போயிருப்பேன்? பொய்தானா என்று நான் உங்கள் முகத்தைப் பார்த்துக் கேட்டபோதுகூடச் சொல்லவில்லையே. உங்கள் பிள்ளையைக் காப்பாற்றுவதாக நினைத்து, பெற்ற தகப்பனைப் பொய்யன் என்று நம்பிய பாவியாக என்னை ஒன்பது வருஷம் திரிய விட்டுவிட்டீர்கள். அன்பினால் செய்தீர்கள், தெரிகிறது. ஆனாலும் அது துரோகம்தான் அய்யா. என்னால் அதை வேறு பேர் சொல்லி அழைக்க முடியவில்லை.

சரியான சொற்களைப் போட்டு அதே அலுவலகத்துக்குப் புதிதாக ஒரு மனு அனுப்பியிருக்கிறேன். இதுவரை பதில் இல்லை. இறந்தவர் பேரில் வரும் மனுவை எப்போது எடுத்துப் பார்ப்பார்களோ தெரியாது. பதில் வராமலே போனாலும் போகட்டும்.

இனி நன்றி. ஆஸ்பத்திரியில் கேட்ட நேரத்துக்கெல்லாம் இரத்தம் கொடுத்த கம்பெனித் தொழிலாளர்களுக்கு நன்றி. ஆறுதல் வார்த்தையோடு உண்மையையும் கொண்டுவந்து கொடுத்த பாய்க்கு நன்றி. ஒன்பது வருஷமும் ஜப்பான் கதை பொய்யா என்று அய்யாவை ஒரு சொல் கேட்காத அம்மாவுக்கு நன்றி. ஆஸ்பத்திரிக்காக மதுரைக்கும் இராஜபாளையத்துக்கும் எங்களோடு அலைந்தது மாமாதான். அதை எழுதாவிட்டால் நான் இன்னொரு பொய் எழுதியவள் ஆவேன். மாமா, கடிதத்தை நீங்கள் வாசித்தீர்கள், அதில் இருந்த பொய்யை நான் எழுதினேன். வாசித்ததற்கு உங்கள் மேல் இப்போது கோபம் இல்லை. சிரித்ததற்கு இன்னும் இருக்கிறது.

அந்தப் பள்ளி மைதானத்தில் அய்யா பேசக் கேட்ட பிள்ளைகள் இன்று வேலைக்குப் போகிறார்கள், பிள்ளை பெற்றிருக்கிறார்கள். இந்த மலர் அவர்களில் சிலர் கைக்கும் வரும். அவர் சொன்ன அந்த அம்மாவையும் அவருடைய இரண்டு பிள்ளைகளையும் பற்றி உங்கள் வீட்டில் சொல்லுங்கள். அத்தாட்சி எங்கே என்று யாராவது கேட்டால், அத்தாட்சி கேட்டு எழுதிய மனுவைத் தப்பாக அடித்தது அவருடைய மகள் என்று சொல்லுங்கள். அவள் ஆங்கில ஆசிரியை என்பதையும் மறக்காமல் சேர்த்துச் சொல்லுங்கள். அது யாருக்கும் தெரியக் கூடாது என்றுதான் எங்கள் அய்யா வாயை மூடிக்கொண்டார்.

இராஜபாளையம்,
அய்யாவின் மகள்